இரண்டு வீட்டுக்கும் பொதுவான கோடு

ஏட்டி,

கீழே சிப்ஸ் கடைக்காரன் முதல் சட்டி நேந்திரங்காயை எண்ணெயில் போட்டுவிட்டான். மணம் மாடியேறி, நாம் வீட்டுப் படம் வரையும் அறைக்குள் வருகிறது. "தொடங்கிட்டான் பாவி, எனக்க கொலஸ்ட்ராலைக் கூட்டுகதுக்கு" என்று சன்னலைச் சாத்துவாய். கொஞ்ச நேரத்தில் நீயே இறங்கிப்போய் ஒரு பொட்டலம் வாங்கிவருவாய். நீ போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. சன்னல் திறந்தே கிடக்கிறது. என் கம்ப்யூட்டர் திரையில் ஒரு இரட்டை வீடு பாதி எழும்பி, பாதி படுத்திருக்கிறது. அன்றைக்குப் போலவே.

நம்மிடம் படம் வரையச் சொல்லி வந்த அந்த அண்ணன் தம்பியைத்தான் சொல்கிறேன். இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று கொட்டாரம் ஊர் முழுக்கத் தெரியும். காரணம் எனக்கு மூன்று விதமாகத் தெரியும். மூன்றையும் உன்னிடம் சொல்லி, திட்டும் வாங்கியிருக்கிறேன். அவர்களுடைய அப்பா வீட்டை இடித்துவிட்டு, நடுவில் ஒரே சுவராக, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடு கட்டுவதாகப் பேச்சு. படம் பார்க்க வந்த அன்று மதியம் அண்ணனுக்கு சார்ஜாவுக்கு விமானம். "படத்தைப் பாத்துப் பிடிச்சா கட்டுவோம். இல்லேன்னா எனக்க பாதியை வெளியாளுக்குக் குடுத்துட்டுப் போவேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து அந்த வீட்டிலேயே கிடக்கும் தம்பி, சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

அண்ணன் பாதியை நான் வரைந்திருந்தேன், தம்பி பாதியை நீ. திரையில் தரைப்படமாகப் போட்ட கோடுகளை ஒன்றோடொன்று இணைத்து, எங்கும் திறப்பில்லாத வடிவமாக்கினால்தான் மேலே இழுத்து வீடாக எழுப்பலாம். நீ இழுத்தாய். தம்பி வீடு எழும்பியது. அண்ணன் வீடு அசையவில்லை. மறுபடி இழுத்தாய். அப்போதும் இல்லை.

"எனக்க வீடு எங்க?"

"வருது அண்ணாச்சி" என்றேன். எங்கிருந்து வரும் என்று எனக்கே தெரியாது.

"அவனுக்கு வீடு, எனக்குக் கோலமா? அவன்கிட்ட என்னத்த வாங்கித் தின்னிய ரெண்டுபேரும்?"

தம்பி எழுந்துவிட்டார். "ஆமா, வாங்கிக் குடுத்தேன். இப்ப அதுக்கு என்ன?"

ஆண்டுக்கணக்கில் பேசாதவர்கள் பேசிய முதல் பேச்சு அது. அண்ணன் பையைத் தூக்கினார். கீழே டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். ஆபத்துக் காலத்தில் என் மூளை எப்படி வேலை செய்யும் என்று உனக்குத் தெரியுமே, "காப்பி குடிக்கியளா?" என்று கேட்டேன். நீ பார்த்த பார்வையில் இருந்த பாலும் திரிந்திருக்கும்.

மௌசின் சக்கரம் கிரீச்சிட, மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தாய். எந்த மூலையிலும் இடைவெளி இல்லை. சட்டென்று உன் கை நின்றது.

"ஏட்டி, நடுச்சுவரு நீ வரைஞ்சியா?"

"அது நீ வரைஞ்சிருக்கல்லா? பொதுச்சுவருதானே."

"எனக்க கோடு தம்பி வீட்டோட சேந்துபோச்சு. அண்ணாச்சிக்கு மூணு பக்கந்தான் கெடக்கு."

வாசல்வரை போனவரை அழைத்தாய். அவர் கண்முன்னாலேயே, அதே இடத்தில், முதல் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டாய். இணைத்தாய். இழுத்தாய். எழும்பியது.

அவர் குனிந்து பார்த்தார். "இப்ப நடுவில ரெண்டு சுவரா?"

"சுவரு ஒண்ணுதான் அண்ணாச்சி. கோடு ஆளுக்கு ஒண்ணு."

ஹாரன் மறுபடி அடித்தது. அவர் நகரவில்லை. கடைசியில், தம்பியைப் பார்க்காமல், திரையிடம் சொன்னார்: "அவனுக்க அடுக்களை இருட்டா இருக்குமே. எனக்க முற்றத்துப் பக்கமா ஒரு சன்னல் வச்சுக்குடுங்க." தம்பி பொத்தென்று உட்கார்ந்தார்.

அவர்கள் படியிறங்கிய பிறகுதான் நீ மௌசை விட்டாய். "இனி எனக்க கோட்டை நம்பி வரைஞ்சியோ, கையை ஒடிப்பேன்" என்றாய். நான் தலையாட்டினேன். அப்புறமும் பொதுச்சுவரை உனக்கே விட்டேன். நீயும் வரைந்தாய்.

இன்று திரையில் கிடக்கும் இந்த வீட்டின் இரண்டு பாதியும் நானே வரைந்தவை. ஆனாலும் நடுச்சுவரை ஒரே தடவைதான் வரைந்திருக்கிறேன். இன்னொன்றை நீ வரைவாய் என்று கை தானாகவே விட்டிருக்கிறது. சற்று முன் உன் மேசைப் பக்கம் திரும்பி, "ஏட்டி, உனக்க கோடு எங்க?" என்று கேட்டும்விட்டேன்.

வரைகிறேன். முதலில் கீழே போய் ஒரு பொட்டலம் வாங்கி வருகிறேன்.