தங்கள் ஆய்வாளர் எங்களோடு வாசித்த நாற்பது நிமிடம்

அனுப்புநர்:
சாவிக் கடைக்காரர்,
தரைத்தளம், படிக்கட்டை ஒட்டிய கடை,
பழைய அச்சகக் கட்டடம்.

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
இரைச்சல் தடுப்புப் பிரிவு,
நகர நிர்வாக அலுவலகம்.

பொருள்: பழைய அச்சகக் கட்டடத்தின் கீழறைக்குத் தவறாக வைக்கப்பட்ட முத்திரையை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் ஆய்வாளரின் அறிக்கை.
2. நான் ஏற்கெனவே அனுப்பிய மூன்று மனுக்கள் (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் மூன்று மனுக்களில் இதை மனதாரச் சொன்னேன். இம்முறை முறைக்காகச் சொல்கிறேன்.

1. மேற்படி கீழறையில் ஞாயிறுதோறும் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து மணி வரை நான்கு பேர் கூடி வாசித்துவந்தோம். ஒரு வெல்டர், ஒரு பல் டாக்டர், என் அக்கா, நான். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது, ஒத்திகை கிடையாது. அந்த நேரத்தில் கைக்கு என்ன வருகிறதோ அதுதான். வெல்டர் பழைய மின்விசிறியில் ஸ்பிரிங்குகளை இழுத்துக் கட்டி வில் போட்டு இழைப்பார். பல் டாக்டர் துளை போடும் கருவியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து அழுத்துவார். அவரிடம் பல் காட்டியவர்கள் அந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விடுவார்கள். அக்கா, ஆளுயர இரும்புத் தகடு ஒன்றைத் துணி சுற்றிய கட்டையால் தட்டுவார். நான் தகர டப்பாவில் சாவிக்கொத்தைப் போட்டு, அடியில் மைக் ஒட்டி உருட்டுவேன். கேட்க இருபது பேர் வருவார்கள். மழை பெய்தால் முப்பது. இது சங்கீதம்தான் என்று என் மனைவியே இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. தாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

2. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். புகார் எங்கள்மேல் கொடுக்கப்பட்டதே அல்ல. இரண்டாம் மாடி இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்த புகார், கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் நாள் முழுக்க அலறுவதைப் பற்றியது. அவரே தன் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதத்தை இணைத்துள்ளேன். மோட்டாரைத் தேடி வந்த ஆய்வாளர் எங்கள் படிக்கட்டில் இறங்கிவிட்டார். மோட்டார் இதை எழுதும்போதும் அலறிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்தை எங்கள் கூட்டத்தில்கூட யாரும் வாசிக்கத் துணிய மாட்டார்கள்.

3. எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கையில் ஏதாவது கருவியோடு யார் இறங்கி வந்தாலும் அவரும் வாசிக்க வந்தவர்தான். பெயர் கேட்க மாட்டோம். ஒருவர் சத்தம் எழுப்பிக்கொண்டிருக்கும்வரை மற்றவர்கள் நிறுத்த மாட்டோம். எல்லாச் சத்தமும் தானாக அடங்கிய பிறகுதான் வாய் திறப்போம். வினை வந்தது இந்த வழக்கத்தால்தான். இதில் எங்கள் பக்கம் உள்ள தவறை நான் மறைக்கவில்லை.

4. தங்கள் ஆய்வாளர் ஒரு கருவியோடு இறங்கி வந்தார். அதன் முனையில் பஞ்சு உருண்டை இருந்தது. அது விட்டுவிட்டுக் கீச்சிட்டது; சத்தத்தை அளக்கும் மீட்டர் என்று பிறகுதான் தெரிந்தது. புதியவர், நல்ல கருவி என்று நினைத்து நடுவில் இடம் விட்டோம். அவர் "நிறுத்துங்க" என்று கத்தினார். எங்கள் அறையில் கத்துவதும் வாசிப்புதான். வெல்டர் அந்தக் குரலுக்கு வில்லால் பதில் சொன்னார். ஆய்வாளர் அடையாள அட்டையை எடுத்து ஆட்டினார். மங்கலான விளக்கில் அது ஏதோ மெல்லிய தகடு என்று எண்ணிய பல் டாக்டர், அதன் சத்தம் கேட்கட்டும் என்று தன் கருவியைத் தணித்துக்கொண்டார். ஆய்வாளர் காலை ஓங்கித் தரையில் உதைத்தார். ஒவ்வொரு உதைக்கும் அக்கா தகட்டில் ஒன்று வைத்தார். அவர் கத்தக் கத்த நாங்களும், நாங்கள் வாசிக்க வாசிக்க அவரும், நாற்பது நிமிடம் போனது. கடைசியில் அவருக்குத் தொண்டை கட்டிய பிறகுதான் அறை அடங்கியது. அன்று மழை; கேட்க வந்திருந்த முப்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெல்டர் அவரைக் கட்டிப்பிடித்து, "அடுத்த வாரமும் வாங்கண்ணே, இதே மெஷினோட" என்றார்.

5. அறிக்கையில் இது "பணியில் இருந்த அலுவலரைக் கூட்டமாகக் கேலி செய்தனர், ஒருவர் உடலைப் பிடித்து இறுக்கி மீண்டும் வருமாறு மிரட்டினார்" என்று பதிவாகியுள்ளது. ஐயா, அந்த வெல்டர் என்னை ஒன்பது வருடமாக அறிவார். ஒருமுறைகூட என்னைக் கட்டிப்பிடித்ததில்லை. அவ்வளவு நன்றாக நான் வாசித்ததில்லை.

6. அறைக்குள் வைத்துப் பூட்டிய பொருள்களின் பட்டியலில் "உடைந்த மின்விசிறி 1, துருப்பிடித்த ஸ்பிரிங் 4, தகர டப்பா 1, இரும்புத் தகடு 1, அனைத்தும் குப்பை" என்று கண்டுள்ளது. குப்பை என்றால் குப்பை வண்டியில் ஏற்ற வேண்டியதுதானே? எதற்கு அதற்குக் காவலாக அரக்கு முத்திரை? பதினோரு வாரத்தில் நான் ஆறுமுறை தங்கள் அலுவலகம் வந்தேன். எழுத்தர் ஒவ்வொரு முறையும் கோப்பு மேலே போயிருக்கிறது என்றார். தங்கள் அலுவலகத்துக்கு மாடியே கிடையாது.

7. தாங்கள் போட்டிருக்கும் பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடமாக இதே தொழிலில் இருப்பவன் நான். அந்த ரகத்தைத் திறக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதினால் தங்கள் கொள்முதல் பிரிவு தலைகுனியும். அதன் எதிரிலேயே உட்கார்ந்து பதினோரு வாரமாக ஊரார் சாவிகளை அராவிக்கொண்டிருக்கிறேன். இதை நான் சட்டத்துக்கு அடங்குதல் என்கிறேன். என் மனைவி வேறு பெயர் சொல்கிறாள்.

8. இனி, நான் முந்தைய மூன்று மனுக்களில் எழுதாமல் விட்டது. என் அக்கா தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் காதில் ஹெட்போனோடு வேலை பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் எந்த வம்பும் ஆதாரத்தோடு வந்தது அவர் வழியாகத்தான். இப்போது அவருக்கு வலது காது முற்றாகப் போய்விட்டது. இடது காதில் பேச்சும் மணியும் போய், அடித்தொண்டைக் குரல் போன்ற ஆழமான சத்தம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதுவும் வருடக் கடைசிக்குள் போய்விடும் என்று காது டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பழைய அச்சு இயந்திரத்தின் அடியில் கிடைத்து, அவர் தட்டிவந்த அந்த இரும்புத் தகட்டின் சத்தம்தான் அவருக்குக் கடைசியாகக் கேட்டது. காது டாக்டரின் சோதனைக் கருவி அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது.

9. அறை பூட்டிய ஐந்தாவது வாரம் இரும்பு பீரோவின் கதவைக் கழற்றித் தட்டிக் காட்டினேன். அக்கா இல்லை என்று தலையசைத்தார். வெல்டர் பட்டறையிலிருந்து பெரிய பீப்பாய் ஒன்றை உருட்டி வந்தோம். அதற்கும் தலையசைத்தார். சத்தத்தில் ஆழம் போதவில்லையா, காது போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதாக ஒன்றைத் தட்டிப்பார்க்கப் பயந்து விட்டுவிட்டேன். போன ஞாயிறு மூன்று மணிக்கு அவர் வந்து மூடிய கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "அந்தத் தகட்டுச் சத்தம் எனக்கு இன்னும் இருக்காடா, இல்ல அதுவும் போயிடுச்சா? இருக்குன்னா சந்தோஷம். போயிடுச்சுன்னா போயிடுச்சுன்னு இருந்துக்கறேன். எதுன்னு தெரியாம இருக்கறதுதான்டா முடியல" என்றார்.

நான் ஒரு தாளில் பதில் எழுத உட்கார்ந்தேன். அந்தத் தாளில்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

ஆகவே, மோட்டார், அறிக்கை, பட்டியல் ஆகியவற்றைத் தாங்கள் எத்தனை வருடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். அழைத்தபோதெல்லாம் வந்து நிற்பேன். அதற்கு முன்பாக, வரும் ஞாயிறு தங்கள் ஆள் ஒருவர் சாவியோடு வந்து கதவைத் திறக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். அக்காவை முதுகு காட்டி உட்காரவைத்து, நான் தகட்டை ஒரே ஒருமுறை தட்டுவேன். அவர் திரும்பினால் அன்றோடு முத்திரையை எடுத்துவிட வேண்டும். திரும்பாவிட்டால், அவரை மேலே கூட்டிவர எனக்குச் சற்று நேரம் கொடுத்துவிட்டு, தாங்களே பூட்டிக்கொள்ளலாம்.

கோபத்தோடும் கையெழுத்தோடும்,
சாவிக் கடைக்காரர்

நாள்: பன்னிரண்டாம் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி
இடம்: கீழறைப் படிக்கட்டின் மேல்படி