கசிவு இல்லை என்று சொன்னேன்

மெஹர் மாதம் 8, சனி

நீதிமன்ற வாசலில் இன்று ஆறு மனுக்கள். ஆறையும் நின்றபடியே எழுதினேன். மேசையின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திய நாள் முதல், பக்கத்து மேசையில் மனு எழுதும் ஹாதெஃப் ஆகாவின் வாய் ஓயவில்லை. பெயர் சொல்லாமல், ‘கானும்’, அம்மணி, என்றே மரியாதையாக அழைப்பார்; கேலிக்கு மட்டும் குறைவில்லை.

"என்ன கானும், நாற்காலி கடிக்குதா? இல்ல, நீதிபதி கண்ணுக்குத் தெரியாம எதிர்ல நிக்கிறாரா?"

முழங்கால் வைத்தியர் நிற்கச் சொல்லியிருக்கிறார் என்றேன். முழங்கால் வலிக்கு நிற்கச் சொல்லும் வைத்தியர் ஷீராஸ் முழுவதும் தேடினாலும் அகப்பட மாட்டார். அவர் சிரித்துவிட்டு ஒரு கோப்பைத் தேநீரை என் பக்கம் நகர்த்தினார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். சட்டமும் நடையும் எனக்கு நானே கற்பித்துக்கொண்டவை. வழக்கறிஞர்களே என் வாசகங்களைப் பார்த்து எழுதுகிறார்கள். ஆயினும், பூட்டி வைக்கும் இந்தக் குறிப்பேட்டில்கூட நோயுற்ற பாகத்தின் பெயரை எழுதக் கை கூசுகிறது. மனுவில் எழுதுவது போல ‘மேற்படி இடம்’ என்றே குறிப்பிடுவேன்.

மெஹர் 11

டாக்டர் ரஸ்தேகாரைக் கண்டேன். குடல் அழற்சி வந்து பதினோராண்டு. அதன் வழியாக மேற்படி இடத்தின் இருபுறமும் பௌத்திரத் துளைகள் விழுந்து நான்காண்டு. மூன்று அறுவைகள் பலனளிக்கவில்லை. உள்ளே சீழ் தேங்காதிருக்க, துளைகளின் வழியே நூல் வளையங்கள் கோத்து வைத்திருக்கிறார்கள். துணி தைப்பவர்கள் அறியாத தையல் இது.

"ஒரு சோதனைச் சிகிச்சை நடத்துறோம், கானும். உங்க வயித்துக் கொழுப்புல கொஞ்சம் எடுத்து, அதுல இருக்கிற குருத்தணுக்களப் பிரிச்சு, ஆய்வகத்துல பெருக்கி, துளையச் சுத்தி ஊசியாப் போடுவோம். அது வீக்கத்தத் தணிச்சா துளை தானா மூடும். எல்லாருக்கும் மூடாது. மூடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

சத்தியம் செய்யாத மருத்துவர்! அதற்காகவே கையொப்பமிட்டேன். மீண்டும் உட்கார்ந்து எழுத வேண்டும். எனக்கு வேறு கோரிக்கை இல்லை.

ஆபான் 7

கொழுப்பு எடுத்தார்கள். செவிலி கோல்நூஷ் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "என் வயித்துல எடுத்திருந்தா ஊருக்கே பந்தி போட்டிருக்கலாம், கானும்" என்றாள். சிரித்ததில் தையல் வலித்தது.

ஆஸர் 2

அணுக்கள் நன்கு வளர்கின்றனவாம். இரு தவணைக்குப் போதுமாம். மீதியை உறைய வைக்கிறார்கள்.

ஆஸர் 18

நூல்களை அகற்றி, உள்வாயைத் தைத்து, ஊசியும் போட்டாயிற்று. டாக்டரின் தந்தை இறந்து மூன்றாம் நாள் இது. துக்கத்துக் கறுப்புச் சட்டையோடு எனக்காக வந்து நின்றார். இந்தக் கடனை எந்த வாசகத்தால் தீர்ப்பேன்?

தேய் 12

இடப்பக்கம் உலர்ந்துவிட்டது. வலப்பக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். இறைவனுக்கு நன்றி.

பஹ்மன் 3

நான்கு நாளாக வலப்பக்கம் மீண்டும் கசிகிறது. இன்று தொலைபேசி விசாரிப்பு. கோல்நூஷ் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் பேசியை டாக்டரிடம் கொடுத்துவிட்டாள்.

"எப்படி இருக்கீங்க, கானும்?"

"உங்க நிழல்ல எங்களுக்கு என்ன குறை, டாக்டர். உங்க கை வலிக்காம இருக்கணும்."

"கசிவு?"

"இல்ல."

"வலி, பத்துக்கு எத்தன?"

"உங்க குரலக் கேட்ட பிறகு வலியா? பூஜ்யம்னு போட்டுக்குங்க."

மறுமுனையில் அவர் மூச்சு விட்டது கேட்டது. "அப்பா போனப்புறம் நான் கேட்ட முதல் நல்ல சேதி" என்றார்.

அதற்குப் பிறகு எப்படித் திருத்துவது?

பஹ்மன் 8, காலை

காய்ச்சல். நிற்கவும் முடியல, உட்காரவும் முடியல. ஏன்டி அப்படிச் சொன்னே? யாரு கேட்டா உன் மரியாதைய — எழுத முடியவில்லை.

பஹ்மன் 12, மருத்துவமனை

எட்டாம் தேதி காய்ச்சலோடே வேலைக்குப் போய், பிற்பகல் நீதிமன்ற வாசலில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஹாதெஃப் ஆகா எழுந்து வந்தார். "முழங்காலுக்குக் காய்ச்சல் வருமா, கானும்?" என்று மட்டும் கேட்டு, தம் மேல்கோட்டை என் தோளில் போட்டு, வாடகைக் காரில் ஏற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்தார். வலப்பக்கம் சீழ் கட்டியிருந்தது. கீறி வெளியேற்றி, மறுபடி நூல் கோத்திருக்கிறார்கள்.

டாக்டர் இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். கோபம் இல்லை, அதுவே தாங்க முடியாததாக இருந்தது.

"உங்க மேசைக்கு ஒருத்தன் கை முறிஞ்சு வரான். ‘உங்க தயவுல சௌக்கியம்’கிறான். என்ன மனு எழுதுவீங்க?"

"எழுத ஒன்னுமில்லன்னு அனுப்பிடுவேன்."

"நான் உங்க பூஜ்யத்த எழுதிட்டேன், கானும். அது பதிவேட்டுல இருக்கு. அத நம்பி அடுத்தவங்களுக்கு ஊசி போடுவேன். எனக்கு அஞ்சு நாள் முந்தித் தெரிஞ்சிருந்தா உங்களுக்கும் இவ்வளவு கீற வேண்டியிருந்திருக்காது."

"உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்..."

"மரியாதைய செருப்போட வாசல்ல விட்டுட்டு வாங்க. உள்ள வரப்போ உடம்பு மட்டும் போதும்."

உறைய வைத்த மீதி அணுக்களை எனக்குச் செலுத்த, சோதனையை மேற்பார்க்கும் மருத்துவக் குழுவின் அனுமதி வேண்டுமாம். பொய் சொன்ன நோயாளிக்கு மறு தவணை எதற்கு என்று அவர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே.

பஹ்மன் 15

குழுவுக்கு மனு எழுதினேன். நான்கு தாள் கிழித்தபின் வந்தது இது:

‘எனது ஆசனவாயின் வலப்புறத் துளையிலிருந்து, தேய் 29 தொடங்கி, நாளொன்றுக்கு மூன்று துணிகள் நனையுமளவு சீழ் கசிந்தது. வலி பத்துக்கு ஆறு. கசிவு இல்லை என்று பஹ்மன் 3 அன்று நான் கூறியது பொய். மருத்துவர் அதற்குப் பொறுப்பல்லர். பதிவேட்டைத் திருத்துமாறு கோருகிறேன். மறு தவணை தருவதும் மறுப்பதும் தங்கள் தீர்ப்பு.’

ஓர் அலங்காரமும் இல்லை. என் வாழ்நாளில் எழுதிய மிக வறண்ட மனு. கோல்நூஷ் இருமுறை படித்துவிட்டு, "எல்லாரும் இப்படி எழுதினா என் வேலை பாதியாயிடும்" என்றாள்.

இஸ்ஃபந்த் 22

அனுமதி வந்தது. இன்று இரண்டாம் ஊசி. இனி வாரந்தோறும் பேசியில் கேட்பார்கள்.

ஃபர்வர்தீன் 9

வலி மூன்று. கசிவு உண்டு. டாக்டர் "சரி" என்றார். வானம் இடிந்து விழவில்லை.

ஃபர்வர்தீன் 30

வலி மூன்று. கசிவு உண்டு. இன்று அழுதுகொண்டே சொன்னேன். சொன்னேன்.

கோர்தாத் 26

ஸ்கேன் படம் எடுத்தார்கள். இடப்பக்கம் உள்வரை மூடிவிட்டது. வலப்பக்கம் சுருங்கியிருக்கிறது, முழுதாக மூடவில்லை. மூடாமலே போகலாம் என்றும் சொன்னார். நூல் வேண்டியதில்லை.

தீர் 6

கசேரூனில் தங்கை வீட்டுக்குப் பங்கு டாக்ஸியில் புறப்பட்டேன். பின்னிருக்கையில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். ஷீராஸில் ஏறியது முதல் ஒரு பக்க இடுப்பிலேயே சாய்ந்திருந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் முன்னிருக்கையை இறுகப் பற்றினாள்.

மலைப்பாதையில் பேசி ஒலித்தது. கோல்நூஷ். "அப்புறம் கூப்பிடட்டுமா, கானும்? வெளிய இருக்கீங்க போலிருக்கே."

முன்னால் ஓட்டுநர், அவர் அருகே ஒரு பெரியவர். காதுகள் ஆறு. "இப்பவே எழுதிக்கோ" என்றேன். "ஆசனவாய்ல வலி ஒன்னு. கசிவு, வாரத்துல ஒரு துளி. ரெண்டு மணி நேரமா உட்கார்ந்துதான் வரேன்."

ஓட்டுநர் வானொலியைச் சற்று உயர்த்தினார். பெரியவர் மலையைப் பார்த்தார்.

நெடுநேரம் கழித்து அந்தப் பெண் என் பக்கம் திரும்பாமலே, உதடு அசையாத குரலில் கேட்டாள்: "அக்கா, அந்த டாக்டர் பேரு என்ன?"

மனுத்தாள் ஒன்றைக் கிழித்து, வண்டி ஒரு சீராக ஓடும் இடம் வரும்வரை காத்திருந்து, தெளிவான எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.