முதல்ல பெட்டு, அப்புறம் மாலை

நைனா,

இன்று காலை எங்கள் வார்டுக்குள் கற்பூர வாசனை வந்தது. பினாயில் தவிர வேறெந்த வாசனையும் நிலைக்காத இடம் அது. திரும்பிப் பார்த்தால் கறுப்பு வேட்டி, துளசிமணி மாலை, நெற்றி நிறையச் சந்தனம். புத்தலப்பட்டுப் பக்கத்து ஆள். நடந்து வரும்போதே கை நடுங்கியது. கூட வந்த மனைவி, "சாமிக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல சிஸ்டர். யாரோ கூப்புடுறாங்கன்னு சொல்லிக்கினே கீறாரு" என்றாள். அவரைக் கட்டிலில் உட்கார வைத்து நாடி பிடித்தபோது எனக்கு உன் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. கோபம் மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

அம்மா போன பிறகு நீ குடித்த குடிக்கு நம் ஊர் பாலசமுத்திரமே உன்னைத் தண்ணீர் தெளித்து விட்டிருந்தது. நம் பக்கத்தில் குடிகாரனுக்கு வைத்தியம் என்றால் அது மாலைதானே. கார்த்திகை பிறந்ததும் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டால் மலைக்குப் போய் வரும்வரை வீட்டில் சண்டை இருக்காது, அடி இருக்காது, பெற்ற பிள்ளையே அப்பனைச் சாமி என்று கூப்பிடும். நீயும் போட்டுக்கொண்டாய். அன்றைக்கே குடியை அடியோடு நிறுத்தினாய். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சித்தூர் அரசு ஆஸ்பத்திரியில் போதை மீட்பு வார்டில் அப்போதுதான் நர்ஸாகச் சேர்ந்திருந்தேன். தினமும் பார்க்கிற வியாதி என் வீட்டைவிட்டு ஓடிவிட்டது என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் டூட்டி முடித்து வந்தால் பஜனை மடத்தில் கூட்டம். நடுவில் நீ. உடம்பெல்லாம் உதறுகிறது, வியர்வை கொட்டுகிறது, சுவரைக் காட்டி என்னவோ கத்துகிறாய். குருசாமி கற்பூரம் கொளுத்திக் காட்ட, ஒவ்வொருவராக உன் காலில் விழுந்தார்கள். நான் கிட்டே வந்ததும், "தொடாதம்மா, சாமி வந்துக்கீது" என்று தடுத்தார் குருசாமி.

"வந்த சாமி செவுத்துல பூரான் ஓடுதுன்னு கத்துமா? குடிய திடுதிப்புனு நிறுத்தினா இப்டித்தான் ஆவும். வலிப்பு வந்தா செத்துப்பூடுவாரு, ஆட்டோவக் கூப்புடுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் யாரோ ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தார். தெய்வக் குற்றம் என்று பின்னாலேயே சாபம் விட்டார்கள். நான் காதில் வாங்கவில்லை. வார்டில் டாக்டர் உன்னைப் பார்த்ததும், "தேவுடு காதம்மா இதி" என்றார். உன் மேல் வந்தது தெய்வம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஊசி, குளுக்கோஸ், தூக்கம் என்று உன்னை மெல்ல மீட்டார்கள். வார்டில் குடிகாரர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் தெலுங்கில் பேச வந்த முதல் நாள், "நாக்கு தெலுகு ராது சார்" என்று, தெலுங்கு தெரியாது என்பதையே சுத்தமான தெலுங்கில் சொல்லி அவரையே சிரிக்க வைத்தாய். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மாத்திரை எழுதித் தந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டவன் குடித்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளாது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி வரும். வீட்டு ஆள் ஒருவர் கையால் தினமும் கொடுக்க வேண்டும் என்பது வார்டின் சட்டம். நம் வீட்டு ஆள் நான் ஒருத்திதான். காலையில் முதல் பஸ்ஸுக்கு ஓடும் முன் மாத்திரையை உன் உள்ளங்கையில் வைப்பேன். வாயில் போட்டு, சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "முழுங்கிட்டேன் பாப்பா, நீ கெளம்பு" என்பாய்.

அதற்குப் பிறகு நீ செய்த நல்ல காரியத்தையும் நான் மறைக்க மாட்டேன். "மாலை போடுறதுக்கு முன்னாடியே ஆளுங்கள இங்க அனுப்பச் சொல்லுங்க சார். முதல்ல பெட்டு, அப்புறம் மாலை" என்று கவுன்சிலரிடம் நீதான் சொன்னாய். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஐப்பசியில் வார்டே கிளம்பி ஊர் ஊராகப் போய்க் குருசாமிகளைப் பார்த்தது. மாலை கேட்டு வருபவன் குடிக்கிறவனா என்று விசாரியுங்கள், குடிக்கிறவன் என்றால் முதலில் எங்களிடம் அனுப்புங்கள் என்று கேட்டோம். உன்னைத் தொடாதே என்று தடுத்த அதே குருசாமிதான் முதல் ஆளை அனுப்பி வைத்தார். எல்லாக் கூட்டத்திலும் நீ எழுந்து நின்று உன் கதையைச் சொன்னாய். நான் முன்வரிசையில் உட்கார்ந்து பெருமையில் பூரித்துப்போயிருந்தேன்.

சத்தியவேடு கூட்டத்துக்கு ஸ்ரீசிட்டி கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பையன் வந்தான். ஷிப்ட் முடிந்தால் நேரே கடைக்குப் போகிறவன். நீ பேசி முடித்ததும் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னால முடிஞ்சா என்னாலயும் முடியும் நைனா" என்றான். யாரோ பெற்ற பிள்ளை உன்னை நைனா என்றதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. அவன் வார்டில் சேர்ந்தான், தேறினான், வேலைக்குத் திரும்பினான். அடுத்த ஒரு வருடம் மாதா மாதம் வரும்போதெல்லாம் முதலில் உன்னைத்தான் விசாரிப்பான்.

போன கார்த்திகையில் மாலையும் கழுத்துமாக நீ ரத்த வாந்தி எடுத்தாய். திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இன்னும் குடிக்கிறாரா என்று டாக்டர் கேட்டார். "இல்ல சார், மாத்திரைய நானே என் கையால குடுக்கிறேன். மாலை வேற போட்டுக்கீறாரு" என்று அடித்துச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். குடிகாரன் வீட்டுப் பெண்களை வார்டில் நான் பார்க்கிற பார்வை அது. அன்றுதான் அதை வாங்கிக்கொள்கிற இடத்தில் நான் நின்றேன்.

சாயங்காலம் உனக்குப் பேச்சு வந்தது. "மாத்திரைய ஒரு நாளும் முழுங்கல பாப்பா. நாக்குக்கு அடியில வெச்சிக்குவேன். நீ போனதும் மாட்டுக் கொட்டாயில துப்பிடுவேன்" என்றாய். பால் சொசைட்டிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டுப் பக்கம் குடிக்கப் போனதைச் சொன்னாய். மாலையைக் கழற்றி மோட்டார் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டுக் குடித்ததையும், தொட்டியில் முழுகி எழுந்து திரும்பப் போட்டுக்கொண்டதையும் சொன்னாய். மாலை போட்டவன் எத்தனை தரம் குளித்தாலும் ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஊர் எதைக் கேட்காதோ அதைப் பார்த்து அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறாய்.

"ஏன் நைனா என்னாண்ட சொல்லல?"

"எல்லாரும் நம்பிக்கினு இருந்தீங்க. எப்டி சொல்றது?"

அதுதான் உன் கடைசிப் பதில். அந்த வாரமே போய்விட்டாய்.

மறுபடி குடிப்பது நோயின் ஒரு பகுதி, அதற்காகக் கோபப்படக் கூடாது என்று வார்டுக்கு வரும் பெண்களிடம் நான்தான் சொல்கிறேன். "இது நோய்மா, துரோகம் இல்ல" என்று வாய் வலிக்கச் சொல்கிறேன். கவுன்சிலர் அதையே எனக்குச் சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டேன். நீ குடித்தது நோய், ஒத்துக்கொள்கிறேன். தினமும் என் முகத்தைப் பார்த்து, முழுங்கிட்டேன் பாப்பா என்று சொன்னது எந்த நோய்? எனக்கு நீ செய்தது துரோகம்தான் நைனா. நர்ஸாக எப்படி வேண்டுமானாலும் புரிந்துகொள்வேன். மகளாக முடியவில்லை.

உன் காரியத்துக்கு அந்தக் கம்பெனிப் பையன் வந்திருந்தான். "அக்கா, நைனா குடிச்சிக்கினுதான் இருந்தாரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். நீ சொன்ன பொய்யே போதுமே, இன்னொன்று எதற்கு. அவன் சாப்பிடாமல் போனான். அடுத்த மாதம் வார்டுக்கு வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. மறுபடி குடிக்கிறான், வேலையும் போய்விட்டது என்று தெரிந்தபோது உன் போட்டோவைக் கவிழ்த்து வைத்தேன். நீ கொடுத்ததையும் நீயே பிடுங்கிக்கொண்டு போயிருந்தாய்.

போன வாரம் அவனாகவே வந்து சேர்ந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான். ஊசியெல்லாம் முடிந்து இன்று முதல் அவனுக்கும் அதே மாத்திரை. உள்ளங்கையில் வைத்தேன். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, "முழுங்கிட்டேன்க்கா" என்றான்.

"வாயத் தொற. நாக்கைத் தூக்கு."

அவன் முகம் சுருங்கியது. "எம்மேலயும் நம்பிக்கை இல்லியாக்கா?"

"யார் மேலயும் இல்ல" என்றேன்.

வாயைத் திறந்தான். டார்ச் அடித்து, நாக்குக்கு அடியில், கன்னத்தின் உள்பக்கம், எல்லா இடத்திலும் தேடினேன். மாத்திரை இல்லை. அவன் விழுங்கித்தான் இருந்தான், நைனா. அப்படியும் டார்ச்சை அணைக்க எனக்குக் கை வரவில்லை.