டிப்போ தெரு 212-ஆம் எண் வீட்டு முன்வாசல் படிகள் குறித்து

அனுப்புநர்:
வில்லா டீன் ஹக்காபி,
212, டிப்போ தெரு,
ஹார்லோ ஸ்பிரிங்ஸ், மிசிசிப்பி.

பெறுநர்:
மாண்புமிகு மேயர் அவர்கள்,
நகர மன்றம், ஹார்லோ ஸ்பிரிங்ஸ்.

பொருள்: முன்வாசலில் சாய்தளம் அமைக்க அனுமதி மறுத்த உத்தரவை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த ஆகஸ்ட் 20, செவ்வாய் மாலை, நமது நகரின் வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புக் குழு கூடியது. இரண்டு மணி பத்து நிமிடம் விவாதித்து, நடுவில் குளிர்ந்த தேநீருக்காக ஒருமுறை ஒத்திவைத்து, என் வீட்டு முன்வாசலின் ஏழு மரப்படிகளும் வரலாற்றுச் சிறப்புடையவை என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. உறுப்பினர் எவரும் எதிர்க்கவில்லை. நான் எதிர்த்தேன், நான் உறுப்பினர் அல்ல.

இதனால் அப்படிகளின் மேல் சாய்தளம் அமைக்க நான் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது. சாய்தளம் என் தம்பி ஆர்விஸுக்காக. ஜூன் மாதம் சர்க்கரை நோயால் அவருடைய வலது காலை எடுத்துவிட்டார்கள். சிறுநீரகங்களும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாளும் டயாலிசிஸுக்குப் போக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் நுரையீரலில் நீர் சேரும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பின்வாசலைத் திறந்தால் கொடி மண்டிய பன்னிரண்டு அடிப் பள்ளம். எனவே சக்கர நாற்காலிக்கு முன்வாசல் ஒன்றே வழி.

தங்கள் கவனத்துக்குச் சில உண்மைகள்:

1. 1911-இல் நம் ஊர்க் கல்லூரியைத் திறந்து வைக்க வந்த கவர்னர் என் வீட்டில் காலை உணவு உண்டு, வெளியே வரும்போது படியில் வழுக்கி விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் பேசவிருந்தவர் நான்கே நிமிடத்தில் முடித்துவிட்டார். அந்த நன்றியில்தான் ஊரார் அவருக்குச் சிலை வைத்தார்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

2. ஆனால் அவர் விழுந்த படிகள் 1978 ஏப்ரல் சூறாவளியில் பறந்துவிட்டன. அவற்றில் இரண்டு பாப்டிஸ்ட் தேவாலயக் கூரையில் கிடைத்தன. இப்போதுள்ள படிகளை அந்தக் கோடையில் என் மறைந்த கணவர் டாயல் செய்தார். இடிக்கப்பட்ட கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தின் பார்வையாளர் இருக்கைப் பலகைகளைக் கொண்டு செய்தார். அவர் தச்சர் அல்ல, தபால்காரர். நான்காம் படி ஆடுவது அதனால்தான்.

3. மூன்றாம் படியில் 114 என்று இருக்கை எண் இன்னமும் தெரிகிறது. கல்லூரி வரலாற்றுத் துறையிலிருந்து வந்த அறிஞர் அதைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, அந்தக் கால மர ஆலையின் முத்திரை என்று சான்றளித்தார். அதே பலகையின் அடியில் சூயிங்கம் ஒட்டியிருப்பதைக் காட்டினேன். அதையும் அகற்றக் கூடாது என்று உத்தரவாயிற்று.

குழுத் தலைவி திருமதி லூட்டி பெரின் பள்ளியில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். டாயல் ஆணி அடித்தபோது வேலியோரம் நின்று, படி கோணல் என்று சொன்னவரும் அவரே. அதைக் கூட்டத்தில் நினைவூட்டினேன். அவர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு சொன்னது இது: “எல்லாம் ஞாபகம் இருக்கு வில்லா டீன். ஆனா ஊரைச் சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு நோட்டீஸ் நாலாயிரம் அடிச்சாச்சு. இந்த ஊர்ல வேற என்னத்தடி காட்டுறது?”

படிகளைத் தொடாமல் மேலே சாய்தளத்தை மட்டும் பொருத்துகிறேன் என்று கெஞ்சினேன். புகைப்படத்தில் படி தெரியாது என்று மறுத்துவிட்டு, வாசலில் மாட்ட ‘வரலாற்றுச் சின்னம்’ என்று பொறித்த ஒரு பித்தளைப் பலகையை எனக்கு வழங்கினார்கள்.

நோட்டீஸில் என் வீடு ஆறாவது இடம். ஐந்தாவது, கவர்னரின் சிலை. ஏழாவது, ஊர்தி நிறுத்துமிடம். மாணவர்களின் பெற்றோர் வந்து படியில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். சென்ற வாரம் ஒரு பெண்மணி ஜன்னலில் என் தம்பியைக் கண்டு, “பெரியவரே, நீங்க இந்த வீட்டுக் காவலாளிங்களா?” என்று கேட்டார். “இல்லம்மா, நான் இங்க பேய். கீழ இறங்க எனக்கும் பெர்மிட் தரல” என்றார் ஆர்விஸ். மறுநாள் பேய் பார்க்க இரண்டு குடும்பங்கள் வந்தன.

உதவிக்குத் தீயணைப்பு நிலையத்தைக் கேட்டேன். வீடு எரிந்தால் உடனே வருவதாக அன்போடு சொன்னார்கள். ஜூலை முதல் கல்லூரிக் கால்பந்து அணியின் நான்கு மாணவர்கள் காலைப் பயிற்சி முடிந்ததும் வந்து, ஆர்விஸை நாற்காலியோடு தூக்கி இறக்குகிறார்கள், மாலையில் ஏற்றுகிறார்கள். இதுவரை ஒரு நாளும் தவறவில்லை. தெருவில் வேறு எவருக்கும் அவரைத் தூக்கும் வலு இல்லை. எனக்கு எழுபத்து நான்கு வயது.

ஆகவே குழுவின் உத்தரவை ரத்து செய்து, சாய்தளத்துக்கு உடனடியாக அனுமதி அளிக்குமாறு வேண்டுகிறேன். பலகைகள் அறுத்துத் தயாராக இருக்கின்றன. பக்கத்து ஊர்த் தச்சர் ஒரே நாளில் முடித்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். இம்மனுவை அடுத்த மாதக் கூட்டத்தில் வைப்பதாகத் தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள்.

வரும் சனிக்கிழமை கால்பந்துப் பருவத்தின் முதல் ஆட்டம். அது வெளியூரில். அணியின் பேருந்து வெள்ளி மாலை நான்கு மணிக்குப் புறப்படுகிறது.

இடம்: ஹார்லோ ஸ்பிரிங்ஸ்
நாள்: செப்டம்பர் 4, 2019, புதன்

இப்படிக்கு,
(ஒப்பம்)
வில்லா டீன் ஹக்காபி