அளக்காமல் விட்ட எருக்குழி

இன்று காலை மகனை ஷிப்டுக்கு இறக்கிவிட வல்லம் வடகால் போயிருந்தேன் அக்கா. கம்பெனிக்குப் பின்பக்கம், கேன்டீன் கழிவையும் காய்ந்த இலையையும் நீளமாகக் குவித்து, ஒரு மஞ்சள் மிஷின் அதன் மேலேயே நடந்து கிளறிக்கொண்டிருந்தது. வெந்த எருவின் அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. செக்யூரிட்டி அதட்டின பிறகுதான் வண்டியை எடுத்தேன். வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ இருக்கிறவரை உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

தொண்ணூற்றொன்றில் உனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இனிக் குனிந்து மண்வெட்டி பிடிக்கவே கூடாது என்று செங்கல்பட்டு டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமா தவறிப்போய் மூன்று வருஷம். மண்ணூரில் அந்த ஒன்றரை ஏக்கரை நீ ஒருத்தியே பார்த்துக்கொண்டிருந்தாய். நடவுக்கும் களைக்கும் ஆள் கிடைத்தது. எருக்குழியில் இறங்கிப் புரட்டிப்போட மட்டும் கூப்பிட்ட ஒருத்தனும் வரவில்லை. மூட்டை உரம் போடமாட்டேன் என்று உனக்குப் பிடிவாதம் வேறு.

நிலத்தைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு சிங்கப்பெருமாள் கோவிலில் என் வீட்டோடு வந்துவிடு என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீ கேட்டாயா?

"லேத்துல வேல பாக்கறவன் தானடா நீ? எருவு கிளர்றதுக்கு எனுக்கு ஒரு மிஷின் பண்ணிக் குடு. அது ஓடலன்னா அன்னிக்கே மூட்ட கட்டினு உன் வூட்டுக்கு வந்துடறேன்" என்றாய்.

சரி என்றேன். பழைய மாட்டுவண்டி அச்சு, இரண்டு டயர் சக்கரம், நடுவில் பற்கள் வைத்துப் பற்றவைத்த இரும்பு உருளை. மாடு இழுத்தால் சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றினால் சங்கிலி உருளையையும் சுற்றவைக்கும். வேலையில் ஒரு குறை சொல்லமுடியாது. மண்ணூரில் கொண்டுவந்து இறக்கினபோது ஊரே கூடிவிட்டது.

அப்புறம்தான் கூத்து. அது தரையில் ஓடுகிற மிஷின். உன் எருவோ இடுப்பாழக் குழியில் கிடந்தது. குழி விளிம்பில் அது அசடு மாதிரி நின்றது. உன் கொழுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பட்டறையில் மயிரிழை தப்பாமல் அளக்கிறவன், குழியை ஒரு முழம் போட்டுக்கூடப் பார்க்காமல் வந்திருந்தேன்.

நீ குழியைப் பார்த்தாய், மிஷினைப் பார்த்தாய். மறுநாளிலிருந்து சாணி, வைக்கோல், தழை எல்லாவற்றையும் மேட்டில் முழங்கால் உயரத்துக்கு நீளமாகக் கொட்டிவந்தாய், இரண்டு சக்கரத்துக்கு நடுவே அடங்குகிற அகலத்தில். குழியில்லாத எரு காய்ந்து சருகாகிவிடும் என்றார்கள் ஊரார். தண்ணீர் தெளித்து, கீற்று போட்டு மூடினாய். ஒரு மாதம் பொறுத்து, உழவு மாடு இரண்டையும் குவியலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகப் பூட்டி ஓட்டினாய். பற்கள் எருவை வாரிப் பின்னால் போட்டன. குவியலின் கடைசி வரை நீ குனியவே இல்லை.

அன்றும் கொழுந்தன் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீ அவரைப் பார்த்துச் சொன்னாய்: "எந்தம்பிய இன்னான்னு நெனச்சினு கீறீங்க? குழிய அவன் வேணும்னேதான் அளக்கல. குழியே வேணாம்னு அவனுக்கு அப்பவே தெரிஞ்சிகீது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கமாட்டாரா? இந்தப் போகத்தோடு அக்கா நிலத்தை விட்டுவிடும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்பே அவரிடம் வாக்குக் கொடுத்தவன் நான்.

வேண்டுமென்றேதான் அளக்கவில்லை அக்கா. டேப்பைப் பையில் எடுத்துவைத்தேன்; அப்புறம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டேன். மண்வெட்டியோடு நீ அந்தக் குழியிலேயே விழுந்துகிடப்பாய் என்று பயந்தேன். பயம் பொய்யில்லை. ஆனால் நீ தோற்றுவிடவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் பொய்யில்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷம் பயிர் வைத்தாய். யார் வந்தாலும் மிஷினைக் காட்டி எல்லாம் தம்பி மூளை என்று பெருமை பேசுவாய், நான் சிரித்துவைப்பேன். அன்று கொழுந்தனிடம் சொன்னதைத் தெரிந்தே சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

உன் காரியத்தன்று கொழுந்தன் மகன் பத்துப் பேருக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா நெலத்தக் காப்பாத்திக் குட்தது இவர்தான்" என்றான். அங்கேயும் நான் இல்லை என்று சொல்லவில்லை.