கொக்கி இல்லாத முக்காலி

16 மே 1976, ஞாயிறு. நோபல் பார்க்.

கோபம் இன்னும் அடங்கவில்லை.

போன வாரம் பைனாகுலருக்கு முக்காலி வாங்க மருமகன் ரவியோடு கடைக்குப் போனேன். வேட்டையில் மானைத் தேடிச் சொல்வது என் வேலை. கை நடுங்குவதால் முக்காலி வேண்டும். இரண்டை விரலால் தட்டிப் பார்த்து, நடுவில் கொக்கி உள்ளதைக் காட்டினேன். கொக்கியில் கல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டால் காற்றுக்கு அசையாது. முப்பது வருடம் நில அளவையில் அப்படித்தான் செய்தேன்.

"அது பாரம், மாமா. மலையில ஆர் காவுறது? நீங்களோ?" என்றான். கொக்கி இல்லாத லேசானதை வாங்கினான்.

இன்று மலையில் நல்ல காற்று. பைனாகுலருக்குள் எல்லாம் ஆடியது. பைன் மரங்களுக்கு நடுவே பழுப்பாக ஏதோ குனிந்தது. "மான்," என்றேன். ரவி துப்பாக்கியைத் தூக்கினான். அது நிமிர்ந்தபோது கையில் கூடை இருந்தது. காளான் பொறுக்க வந்த ஒரு பெண்.

"சுடாதை," என்று கத்தினேன். அவன் துப்பாக்கியை இறக்கினான். காற்றில் அவளுக்கு அது கேட்கவில்லை; எங்களைக் காணவும் இல்லை.

திரும்பும்போது காரில், "உங்கட கண்ணை ஒருக்கா டொக்டரிட்டக் காட்டவேணும், மாமா," என்றான். என் கண்ணையா? முக்காலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவன்மேல் கோபம். கடையில் வாயை மூடிக்கொண்டு நின்ற என்மேல் அதைவிடக் கோபம்.

சாப்பிடும்போது மகள், "இண்டைக்கு எப்பிடியப்பா?" என்று கேட்டாள்.

"ஒண்டும் கிடைக்கேல்லை," என்று ரவி முந்திக்கொண்டான்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"ஓம்," என்றேன்.