முந்தியில் போட்ட முடிச்சு

அக்கா,

இன்று காலை கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா உள்ளே வந்து, பையிலிருந்து ஒரு பட்டுச்சேலையை எடுத்து மேசைமேல் வைத்தார். பாச்சை உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. இரண்டு மடிப்புத்தான் பிரித்தேன். பச்சைச் சேலை, அரக்கு முந்தி, முந்தி நெடுக ஜரிகைக் கோடுகள். கை அப்படியே நின்றுவிட்டது. நம் சேலைதான் அக்கா. கண்ணை மூடும்வரை எதை நினைத்துப் பயந்தீர்களோ அதே சேலை. நிமிர்ந்து பார்த்தால் பண்ணாடி மகள் சுமதி, தலையெல்லாம் நரைத்து நிற்கிறார். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. பண்ணாடி போய்ச் சேர்ந்தே எத்தனையோ வருஷமாகிறது, அப்படியும் வருகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் நாம் சூலூர் ரோட்டில் கூட்டாகத் தையல் கடை போட்டபோது, கட்டிடம் அவருடையது. உங்கள் வீட்டுக்காரரும் என் தம்பியும் அவருடைய தறிக் கொட்டகையில் வேலை. நம் இரண்டு குடும்பமுமே அவர் காட்டில் களை எடுத்துப் பிழைத்ததுதான். அதனால் பண்ணாடி என்பதைத் தவிர வேறு பெயர் நம் வாயில் வந்ததே இல்லை. பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் ஏதோ எதிர்த்துப் பேசிவிட்டார் என்று, பண்ணாடி அவர் சாமானையெல்லாம் ரோட்டில் எறிந்ததை நாம் இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தோம். அன்றைக்கு நீங்கள் சோறே தின்னவில்லை. எனக்கோ பயம் வந்தால் பசி கூடும். உங்கள் சோற்றையும் நான்தான் தின்றேன்.

அப்பேர்ப்பட்ட வீட்டுக் கல்யாணச் சேலை ரவிக்கை தைக்க நம்மிடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தறிக்காரரிடம் சொல்லி நெய்து வாங்கியது. ரவிக்கைத் துணியும் பகட்டாக இருக்கவேண்டும் என்று சொல்லியிருப்பார்கள் போல. முந்தியும் அரக்கு, மறுமுனையில் இருந்த ரவிக்கைத் துணியும் அரக்கு, இரண்டிலும் ஒரே ஜரிகை. மத்தியானம் கரண்ட் போயிருந்தது. கண்ணைக் கட்டினாலும் கோடு பிசகாமல் வெட்டுகிற கை உங்களுடையது. வெட்டிவிட்டு அளவு ரவிக்கையை மேலே வைத்தீர்கள். அப்புறம் மிச்சச் சேலையைப் பார்த்தீர்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"என்னுங்க்கா பண்ணிப்போட்டீங்க! அது முந்திங்க்கா!" என்று நான் கத்தினேன்.

"கத்தாத கண்ணு. கதவைச் சாத்து" என்றீர்கள். உங்கள் குரலே உங்களுடையதாக இல்லை.

மறுமுனையை முந்தியாக்கித் திருப்பிக் கட்டலாமென்றால் பெரிய கரை இடுப்புக்குப் போய்விடும், சின்னக் கரை காலடிக்கு வந்துவிடும். குருடருக்குக்கூடத் தெரிந்துபோகும். போய் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "கலியாணச் சேலையில முந்தி துண்டாப் போச்சுன்னா மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா கண்ணு? கலியாணம் நிக்கும். அப்புறம் அந்த மனுசன் நம்ம ரெண்டு ஊட்டையும் உட்டு வெப்பாரா?" சைக்கிள் கடைக்காரரின் டியூபும் டயரும் ரோட்டில் உருண்டது கண்முன்னால் வந்தது.

ஜரிகைக் கோட்டை ஒட்டியே வெட்டு விழுந்திருந்தது, அது ஒன்றுதான் கடவுள் காட்டிய கருணை. சேலையின் ஓரத்திலிருந்தே பட்டு இழையை உருவி, ஜன்னலோரம் உட்கார்ந்து கையாலேயே இணைத்தீர்கள். ஒவ்வொரு குத்துக்கும் "ஏசப்பா" என்றீர்கள். நான் வாசலில் காவல். மாரியாத்தாளுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன். ஏசப்பாவும் மாரியாத்தாளும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். முடித்துவிட்டு எங்கே ஒட்டு என்று என்னையே கேட்டீர்கள். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. போதாததற்கு, கட்டினால் ஒட்டு தோளுக்குப் பின்னால்தான் விழும், மேலே சடையும் பூவும் மாலையும் மறைத்துவிடும். அப்பாடா என்று டீ வாங்கிக் குடித்தோம்.

முடிச்சை நாம் நினைக்கவே இல்லை பாருங்கள்!

மண்டபத்தில் தூண் ஓரமாக நின்றிருந்தோம். தாலி கட்டி முடிந்தது. பெண்ணின் முந்தியை எடுத்து மாப்பிள்ளையின் துண்டோடு சேர்த்து முடிந்தார்கள். உங்கள் முகம் வெளுத்துப்போனது. மாப்பிள்ளை நெட்டை ஆள், மணவறையைச் சுற்றி எட்டுப் போட்டு நடக்கிறார். சுமதி சின்னப் பெண், பின்னால் ஓடுகிறாள். ஒவ்வொரு எட்டுக்கும் முந்தி விறைத்துக்கொண்டு நிற்கிறது. "மெதுவா போ சாமி, மெதுவா போ" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு என் மணிக்கட்டை இறுக்கினீர்கள். நகம் பதிந்து தோல் உரிந்தே போயிற்று. அப்படியும் நீங்கள் பிடியை விடவில்லை. சுற்றி முடிந்தது, தையல் பிரியாமல் நின்றது. பந்தியில் உட்கார்ந்து நான் உங்கள் லட்டையும் தின்றேன்.

அத்தோடு பயம் போயிற்றா? உங்களுக்குப் போகவில்லை. கடைக்கு முன்னால் ஜீப் நின்றால் எழுந்து நிற்பீர்கள். ஆடிக்குச் சுமதி பிறந்தவீடு வந்திருக்கிறாள் என்று தெரிந்தால் கடைப்பக்கமே வரமாட்டீர்கள். கல்யாணச் சேலை யார் கொண்டுவந்தாலும் என்னிடம் தள்ளிவிட்டு, நீங்கள் பள்ளிக்கூட யூனிபார்மோடு நின்றுகொண்டீர்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பீர்கள், "அவங்க ஊட்டுல இருந்து ஏதாச்சும் வந்துச்சா கண்ணு?" நானும் எரிந்து விழுவேன், "வந்தா சொல்லமாட்டனுங்களா? வேலையப் பாருங்க்கா!" ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையே கேட்டீர்கள். அன்றைக்குக்கூட நான் கொஞ்சம் தணிந்து பேசியிருக்கலாம்.

இன்றைக்கு வந்தது.

சேலையைப் பிரித்துப் பார்த்தேன். ஒட்டின் இரண்டு ஓரத்தில் மட்டும்தான் உங்கள் தையல் இருந்தது. நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு ரோஸ் நூலில் கோணல்மாணலாக வேறு யாரோ தைத்திருந்தார்கள். தெரிந்துவிட்டது, கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சுமதியோ வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க, இதை வெட்டிப் பேத்திக்குப் பாவாடையாத் தெச்சுக் குடுத்துருங்க. என்ற சின்ன மக அவ கலியாணத்துக்கு இதைத்தான் கட்டுவேன்னு நிக்கறா. குடுக்கறதுக்குப் பயமுங்க."

"என்னுங்க பயம்?"

"நான் கிழிச்ச சேலைங்க. அன்னைக்கு முடிச்சை அவுக்கறப்ப, அவசரத்துல வெடுக்குன்னு இழுத்துட்டேன். முந்தி உட்டுப்போச்சு. கலியாணத்தன்னைக்கே முடிச்சு போட்ட முந்தி கிழிஞ்சா நல்லதுங்களா? மாமியா பாத்தா என்னாகும்னு, குளிக்கற ரூமுக்குள்ள ஒக்காந்து நானே தெச்சுப்போட்டேன். இத்தனை வருசமா ஆருகிட்டயும் சொல்லலைங்க. அவருக்கு ஒடம்புக்கு முடியாம போறப்பெல்லாம், நான் கிழிச்சதுனாலதான்னு நெனைச்சுக்குவேன்."

அக்கா, அந்த நிமிஷம் எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. என்மேலும் வந்தது. அவருடைய அப்பாவுக்கு நாம் பயந்தோம். அந்தப் பயத்தை அந்தப் பெண் தலையில் அல்லவா கட்டி அனுப்பியிருக்கிறோம்! நீங்கள் கடைப்பக்கமே வராமல் ஒளிந்த ஒவ்வொரு ஆடியிலும், அவரும் இந்தச் சேலையைப் பீரோவுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்.

உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். கத்தரி, ஜரிகைக் கோடு, ஏசப்பா, எல்லாம். அவர் ஒட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார், "அப்ப நான் கிழிக்கலீங்களா?"

"நீங்க கிழிக்கலீங்க."

"நானில்லீங்களா?" என்று மறுபடியும் கேட்டார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தியை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். போகும்போது வெட்ட வேண்டாம் என்றார். மகள் கட்டிக்கொள்ளட்டும், ஒட்டை மட்டும் கெட்டியாக்கித் தாருங்கள் என்றார். உங்களை எங்கே என்று விசாரித்தார். சொன்னேன். "இருந்திருந்தா வந்து பாத்திருப்பனுங்க" என்றார்.

இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். ரோஸ் நூலைப் பிரித்து எடுத்துவிட்டேன். உங்கள் தையலில் கை வைக்கவில்லை, அதன்மேலேயே இரட்டை இழை போட்டுத் தைக்கிறேன். இந்தத் தடவை முடிச்சையும் நினைத்துத்தான் தைக்கிறேன். ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது அக்கா. தை மாதம் கல்யாணம். வரச்சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் முந்தியை முடிந்து மாப்பிள்ளை எட்டு எடுத்து வைக்கும்போது, நான் தூண் ஓரமாகத்தான் நிற்பேன். மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்க நீங்கள் இருக்கமாட்டீர்கள். லட்டு தொண்டையில் இறங்குமா என்று தெரியவில்லை.